காமா கமெராவையும் பெட் டிடெக்டரையும் கணினியில் ஓட்டிப் பார்ப்பது: கொழும்பு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பௌதிகவியல், மருத்துவப் பௌதிகவியல், அணு விஞ்ஞானம் படிக்கும் மாணவர்களுக்கும், ஸ்கான் அறையில் வேலை செய்துகொண்டே மேற்படிப்புக்கு ஆய்வு செய்பவர்களுக்கும் இந்தப் பக்கம். காமா கமெரா உடலுக்குள் செலுத்திய கதிர்மருந்து விடும் காமாப் போட்டன்களைப் படமாக்கும்; ஸ்பெக்ட் அதே படத்தைப் பல கோணங்களில் எடுப்பது; பெட் எதிரெதிராகப் புறப்படும் போட்டன் சோடிகளைப் பிடிப்பது. சக்தியின் அலகான கிலோ இலத்திரன்வோல்ற்றைக் கீழே கே.ஈ.வி. என்று சுருக்கியிருக்கிறோம்.

சிமியுலேஷன் ஓடும்போது கணினிக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு போட்டனும் தனித்தனியாகப் பின்தொடரப்படுகிறது. அது எந்தத் திசையில் புறப்படுகிறது, எவ்வளவு தூரம் போனபின் மோதுகிறது, மோதும் இடத்தில் முழுக்க உறிஞ்சப்படும் ஒளிமின் விளைவா, திசை மாறிச் சக்தி இழக்கும் கொம்டன் சிதறலா, சிதறினால் எந்தக் கோணத்தில் என்று ஒவ்வொன்றையும் ஓர் எழுமாற்று எண்ணைக் கொண்டு கணினி முடிவு செய்கிறது. எந்தத் தெரிவுக்கு எவ்வளவு நிகழ்தகவு என்பது அளந்து அட்டவணைப்படுத்தப்பட்ட குறுக்குவெட்டுப் பெறுமானங்களில் (மோதல் வாய்ப்பின் அளவுகளில்) இருந்து வருகிறது. இதுதான் மொன்டே கார்லோ முறை. மெட்ரோபொலிஸும் உலாமும் 1949 இல் இந்தப் பெயரிலேயே கட்டுரை வெளியிட்டார்கள்.

போட்டன் பட்டால் ஒளிரும் டிடெக்டர் பளிங்கில் அது சக்தியை விட்டுவிட்டால் ‘இந்த இடத்தில், இந்த நேரத்தில், இவ்வளவு சக்தி’ என்று ஒரு பதிவு விழும். அந்தப் பதிவு இன்னும் கமெராவின் சமிக்ஞை ஆகிவிடவில்லை. ஒளிப்பெருக்கிக் குழாய்களும் இலத்திரனியலும் அதைக் கலங்கடிப்பதை ‘டிஜிட்டைசர்’ என்ற தனிப் படி செய்கிறது. புதிதாக வருபவர்கள் பௌதிகப் பகுதிக்கு மாதக்கணக்கில் உழைத்துவிட்டு டிஜிட்டைசரை அரை மணி நேரத்தில் முடிப்பதைப் பார்க்கிறோம். வழுக்கள் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும்.

கமெராதான் இருக்கிறதே, நேரே அளந்துவிடலாமே?

அளக்கலாம், அளக்கவும் வேண்டும். ஆனால் கமெரா சொல்லாத ஒரு விடயம் இருக்கிறது: பதிவான போட்டன் உடலுக்குள் சிதறி வந்ததா, நேரே வந்ததா என்பது. ஸ்கானுக்கு வழமையாகப் பயன்படும் கதிர்மூலமான டெக்னீசியம்-99எம் தரும் போட்டனின் சக்தி 140.5 கே.ஈ.வி. வழமையான 20% சாளரம், அதாவது கமெரா ஏற்கும் சக்தி எல்லை, ஏறத்தாழ 126 முதல் 154 வரை. கொம்டன் சமன்பாட்டில் இட்டுப் பாருங்கள்: 45 பாகை திரும்பிய போட்டனிடம் இன்னும் 130 கே.ஈ.வி. இருக்கும். 53 பாகை வரை சிதறியவை கூடச் சாளரத்துக்குள் நிற்கும். பளிங்கின் சக்திப் பிரிதிறன் கிட்டத்தட்ட 10% என்பதால் அதற்கும் மேல் திரும்பியவற்றில் ஒரு பங்கு உள்ளே நுழையும். இவ்வளவு திசை மாறி வந்தவற்றையும் கமெரா ‘நேரே வந்தவை’ என்றே படத்தில் வைக்கிறது.

சிமியுலேஷனில் ஒவ்வொரு போட்டனுக்கும் எத்தனை தடவை, எந்தப் பொருளில் சிதறியது என்ற வரலாறு உண்டு. சிதறல் திருத்த முறை ஒன்றைச் சோதிக்கவோ, நேரே வரும் போட்டன்களை மட்டும் விடும் துளையிட்ட ஈயத் தட்டான கொலிமேற்றரின் சுவரைத் துளைத்து வந்த பங்கைப் பிரித்துப் பார்க்கவோ, இன்னும் கட்டப்படாத டிடெக்டர் ஒன்றை மதிப்பிடவோ இதைவிட நல்ல வழி கிடையாது. கமெராவின் அன்றாடத் தரக்கட்டுப்பாட்டுக்கு இது உதவாது. அதற்கு வேண்டியது சீரான மூலமும் ஒழுங்கான பதிவேடும்.

எந்த மென்பொருளை எடுப்பது?

கேள்வியைப் பொறுத்தது. ஸ்பெக்ட் அல்லது சாதாரண காமா கமெரா மட்டும் என்றால் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் உருவான சிமைண்ட் வேகமானது, பழகவும் எளிது. போட்டனைக் கமெராவை நோக்கி வலிந்து செலுத்தி, அதற்கேற்ற நிறையைக் கொடுத்துக் கணக்கிடுவதால் சாதாரண லப்டொப்பிலேயே ஒரு எறியத்தை (ஒரு கோணத்தில் எடுத்த படத்தை) விரைவாகப் பெறலாம்.

பெட், புது வடிவ டிடெக்டர், நேரத்தோடு மாறும் மூலம் என்றால் கேட். இது ஐரோப்பாவின் சேர்ன் ஆய்வுகூடத்தைச் சுற்றி வளர்ந்த ஜியான்ட்4 நூலகத்தின் மேல் கட்டப்பட்டது. 2004 இல் பொதுவுக்கு வந்தது, இலவசம், மூலநிரல் திறந்தது. பழைய பதிப்புகள் கட்டளைக் கோப்புகளால் இயங்கின. பதிப்பு 10 முழுக்கப் பைதன். ஓப்பன்கேட் என்ற பொதியைப் பிப் மூலம் நிறுவிக்கொள்ளலாம். இன்று தொடங்குபவர் 10 இல் தொடங்கட்டும். மேற்பார்வையாளரிடம் பழைய கட்டளைக் கோப்புகள் இருந்தால் அவற்றைப் பழைய பதிப்பிலேயே ஓட்டுங்கள். இரண்டையும் கலந்தால் எது எந்த இயல்புநிலைப் பெறுமானத்தில் ஓடியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

ஜியான்ட்4 இல் சி++ நிரலை அடியிலிருந்து எழுதுவது பயனுள்ள பயிற்சி. ஓர் ஆண்டுக்குள் முடிக்க வேண்டிய ஆய்வுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

என் லப்டொப் போதுமா? யூனிட்டி பிளாசாவில் புதுக் கணினி வாங்க வேண்டுமா?

வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். பரவலாகப் பயன்படும் தாழ்சக்தி உயர்பிரிதிறன் கொலிமேற்றர் ஒன்றை எடுப்போம்: அறுகோணத் துளையின் விட்டம் 1.11 மி.மீ., சுவர் 0.16 மி.மீ., நீளம் 24.05 மி.மீ. ஈயத்தின் ஊடுருவலைக் கழித்தால் பயன்படு நீளம் ஏறத்தாழ 23.3 மி.மீ. துளை விட்டத்தைப் பயன்படு நீளத்தால் வகுத்து 0.26 ஆல் பெருக்கி வர்க்கமாக்குங்கள். அதை விட்டத்துக்கும் விட்டமும் சுவரும் சேர்ந்த நீளத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். கிடைப்பது 0.000117. அதாவது பத்தாயிரம் போட்டன் வெளிப்பட்டால் ஒன்றுதான் கொலிமேற்றரைத் தாண்டும். தேய்வு ஒன்றுக்கு 140.5 கே.ஈ.வி. போட்டன் வெளிவரும் வாய்ப்பு 0.89. 9.5 மி.மீ. சோடியம் அயடைட்டில் அது பிடிபட்டுச் சாளரத்துக்குள் விழும் வாய்ப்பு 0.9 அளவு. மூன்றையும் பெருக்கினால் ஒரு மெகாபெக்கரலுக்கு விநாடிக்கு 94 எண்ணல்கள். இவ்வகைக் கொலிமேற்றருக்கு உற்பத்தியாளர் தரும் உணர்திறனும் இதற்கு மிக அருகில்தான் இருக்கும்.

பத்து இலட்சம் எண்ணல்கள் உள்ள ஒரு படம் வேண்டும் என்றால் ஏறத்தாழ ஆயிரம் கோடி தேய்வுகளை ஓட்ட வேண்டும். ஒரு கோர் விநாடிக்கு 50,000 தேய்வுகளை முடிக்கும் என்று வைத்தால் இரண்டே கால் நாள்; எட்டுக் கோரில் ஏழு மணித்தியாலம். உங்கள் கணினியின் வேகத்தை ஏறத்தாழ அறிய ஒரு நிமிடச் சோதனை ஓட்டம் போதும். ஸ்பெக்ட்டுக்கு அறுபது கோணங்கள் என்றால் இதை அறுபதால் பெருக்க வேண்டும். அப்போதுதான் வேகப்படுத்தும் உத்திகளும் பல்கலைக்கழகத்தின் பகிர்வுக் கணினிகளும் தேவைப்படும்.

வாங்குவதென்றால் கோர் எண்ணிக்கைக்குப் பணத்தைக் கொடுங்கள். கேட்டின் வழமையான ஓட்டத்துக்கு விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் அட்டை பயன்படாது. 16 கிகாபைட் நினைவகம் ஒரு தலை உள்ள கமெராவுக்குத் தாராளம். கொழும்பு வெக்கையில் குளிரூட்டி இல்லாத அறையில் லப்டொப் முழுச் சுமையில் நின்றால் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடத்தில் எடுத்த வேகத்தை வைத்து இரவு முழுவதற்கும் கணக்கிட்டால் விடியும்போது பாதிதான் முடிந்திருக்கும். மின்வெட்டுக்கு யூ.பி.எஸ். நல்லது. அதைவிட நல்லது, ஒரு நீண்ட ஓட்டத்தை அரை மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகச் சேமிப்பது. மின் போனால் ஒரு துண்டுதான் போகும்.

துண்டுகளாகப் பிரிக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

விதை எண். எழுமாற்று எண் தொடர் ஒரு விதை எண்ணில் இருந்து பிறக்கிறது. இருபது துண்டுகளுக்கும் ஒரே விதை எண் இருந்தால் இருபதும் ஒரே போட்டன்களை, ஒரே பாதையில், மீண்டும் மீண்டும் ஓட்டும். கூட்டிய படத்தில் எண்ணல்கள் இருபது மடங்கு இருக்கும், இரைச்சல் விகிதமோ ஒரு துண்டில் இருந்தது போலவே இருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. இரண்டு துண்டுகளின் படங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பாருங்கள். முழுக்கப் பூச்சியமாக வந்தால் விதை ஒன்றேதான்.

ஒவ்வொரு துண்டுக்கும் வெவ்வேறு விதையைக் கொடுத்து அதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். மூலத்தின் தேய்வையும் சேர்த்து ஓட்டுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு துண்டின் தொடக்க நேரமும் முந்தைய துண்டின் முடிவாக இருக்க வேண்டும்.

முதல் மாதிரியை எந்த ஒழுங்கில் கட்டுவது?

முழுக் கமெராவையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டாம். முதலில் காற்றில் ஒரு பளிங்கு, அதன் முன் ஒரு புள்ளி மூலம், அவ்வளவுதான். பளிங்கு 591 × 445 × 9.5 மி.மீ. அளவான சோடியம் அயடைட்டு, அடர்த்தி கன செ.மீ. க்கு 3.67 கிராம். போட்டன்களைச் செங்குத்தாக ஒரே கற்றையாக விடுங்கள். பிடிபடும் பங்கு கையால் போட்ட கணக்கோடு, அதாவது 140 கே.ஈ.வி. இல் பத்துக்கு ஒன்பதோடு, பொருந்துகிறதா பாருங்கள். பொருந்தாவிட்டால் பொருள் வரையறையில் பிழை. அடர்த்தியின் அலகை மாற்றி இடுவதுதான் இங்கே வழமையான குற்றவாளி.

அடுத்து சக்தி நிறமாலை. கலங்கடிப்பு இல்லாமல் ஓட்டினால் 140.5 இல் ஓர் ஊசியும், அதற்குக் கீழே 112 அளவில் ஒரு சிறு ஊசியும் தெரிய வேண்டும். அந்தச் சிறியது, அயடீனின் எக்ஸ் கதிர் ஏறத்தாழ 28.5 கே.ஈ.வி. யை எடுத்துக்கொண்டு பளிங்கை விட்டுத் தப்பியதன் அடையாளம். இரண்டையும் கண்ட பிறகு டிஜிட்டைசரில் சக்திக் கலங்கடிப்பைச் சேருங்கள்.

பிறகு கொலிமேற்றர். அதன்பின் பளிங்குக்கு முன்னால் மெல்லிய அலுமினிய மூடி, பின்னால் ஒளிவழியும் குழாய்களும் இருக்கும் பகுதிக்கு ஈடாகப் பைரெக்ஸ் கண்ணாடிப் படை, சுற்றிலும் ஈயக் கவசம். கடைசியில்தான் நீர் ஃபன்டமும் (உடலுக்கு ஈடாக நீர் நிரப்பிய கலம்) கட்டிலும். ஒவ்வொரு படியிலும் ஒரு எண்ணைக் கையால் கணக்கிட்டு ஒப்பிட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். அவசரப்படுபவர்கள் இந்த இடத்தில்தான் ஒரு மாதத்தை இழக்கிறார்கள்.

கொலிமேற்றர் கட்டுவதில் ஏன் இவ்வளவு பேர் சிக்குகிறார்கள்?

533 × 387 மி.மீ. பார்வைப் பரப்பில் ஒன்றரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான துளைகள். ஒவ்வொன்றையும் எழுத முடியாது, ஒரே துளையைத் திரும்பத் திரும்பப் பிரதி வைக்கும் மீளவைப்பால்தான் கட்ட வேண்டும். தேன்கூட்டு அடுக்கு ஒன்றோடொன்று கோத்த இரண்டு செவ்வக அடுக்குகளால் ஆனது. அடுத்தடுத்த துளைகளின் மையத் தூரம் 1.11 உடன் 0.16, அதாவது 1.27 மி.மீ. ஓர் அச்சில் 1.27, மற்ற அச்சில் அதன் √3 மடங்கான 2.20 மி.மீ. இடைவெளியில் முதல் அடுக்கை விரியுங்கள். இரண்டாவது அடுக்கை 0.635 உம் 1.10 உம் தள்ளி வையுங்கள்.

இப்போது அறுகோணத்தின் திசை. 1.11 என்பது எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான தூரம். எதிரெதிர் மூலைகளுக்கு இடையே 1.28 மி.மீ. இருக்கும். அறுகோணத்தை 30 பாகை திருப்பி வைத்துவிட்டால் மூலைகள் 1.27 என்ற மையத் தூரத்தை மீறி அடுத்த துளைக்குள் புகுந்துவிடும். சில இடங்களில் சுவரே இருக்காது. திரையில் உருப்பெருக்காமல் பார்த்தால் தேன்கூடு அழகாகத்தான் தெரியும். உணர்திறன் மட்டும் காரணம் தெரியாமல் கூடி நிற்கும். மென்பொருளில் உள்ள மேற்படிவுச் சோதனையை ஒரு தடவையாவது ஓட்டுங்கள். பத்துத் துளைகள் மட்டும் கொண்ட சிறு துண்டைப் படமாக்கிப் பக்கங்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்கின்றனவா பாருங்கள். ஆரம் கேட்கும் இடத்தில் விட்டத்தை இடுவதும் இதே குடும்பத்துப் பிழை.

அளவுகள் எவ்வளவு நுட்பமானவை என்பதற்கு: மையத் தூரம் 1.27 ஆகவே இருக்க, துளை 0.05 மி.மீ. மட்டும் பெருத்தால் உணர்திறன் ஏறத்தாழ 19% கூடும். இரண்டாம் தசமதானத்தைச் சுற்றிவிட்டு எழுதிய கையேட்டை நம்பி மாதிரி கட்டினால் அளவீட்டோடு பொருந்தாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

உற்பத்தியாளர் உள்ளளவுகளைத் தர மறுத்தால்?

அது வழமை. கொலிமேற்றர் அளவுகள் பல கமெராக்களுக்குப் பயனர் கையேட்டிலோ வெளியான ஆய்வுகளிலோ கிடைக்கும். பளிங்கின் பின்பகுதி, மூடியின் தடிப்பு போன்றவை கிடைக்காது. தெரியாத பெறுமானம் ஒன்றுக்கு நியாயமான எல்லைகள் இரண்டை எடுத்து, இரண்டிலும் ஓட்டி, விடை எவ்வளவு நகர்கிறது என்று அறிக்கையில் எழுதுங்கள். அளவீட்டோடு பொருந்தும் வரை நாலைந்து பெறுமானங்களை ஒன்றாகத் திருகுவது கூடாது. அப்படிப் பொருந்திய மாதிரி அந்த ஒரு தூரத்துக்கும் அந்த ஒரு மூலத்துக்கும் மட்டுமே பொருந்தும்.

எண்ணல்கள் எதிர்பார்த்ததற்குக் கிட்டவும் வரவில்லை. எங்கே தேடுவது?

பூச்சியம் வந்தால் பளிங்கை உணர்கருவியாக அறிவிக்க மறந்திருப்பீர்கள். ஜியான்ட்4 இல் வடிவத்தை வரைவதும் அது பதிவு செய்ய வேண்டும் என்று சொல்வதும் இரண்டு வேலைகள். அதுவும் சரி என்றால் மூலம் ஈயக் கவசத்துக்குள் அல்லது உலகக் கனவளவுக்கு (சிமியுலேஷனின் வெளி எல்லைப் பெட்டிக்கு) வெளியே நிற்கிறதா பாருங்கள்.

ஏறத்தாழ 30% குறைந்து வந்தால் சக்திக் கலங்கடிப்பைச் சந்தேகியுங்கள். 10% பிரிதிறன் என்பது உச்சத்தின் அரை உயரத்தில் உள்ள முழு அகலம்: 140.5 இல் 14 கே.ஈ.வி. நியம விலகல் அதை 2.355 ஆல் வகுத்த 6 கே.ஈ.வி. 14 ஐ நியம விலகல் கேட்கும் இடத்தில் இட்டால் சாளரத்துக்குள் நிற்க வேண்டிய 98% இல் 68% தான் நிற்கும்.

12% அளவில் கூடி வந்தால் தேய்வுக்கும் போட்டனுக்கும் உள்ள 0.89 ஐ மறந்திருக்கிறீர்கள். ஒற்றைச் சக்திப் போட்டன் மூலமாக எழுதும்போது இதை நீங்களே பெருக்க வேண்டும். கருவையே மூலமாக எழுதினால் மென்பொருள் பார்த்துக்கொள்ளும், ஆனால் ஓட்டம் மெதுவாகும். இரு மடங்கு என்றால் இரண்டு தலைகளையும் கூட்டியிருப்பீர்கள்.

நிறமாலையில் 75 கே.ஈ.வி. மேடு உண்மைக் கமெராவில் இருக்கிறது, என் மாதிரியில் இல்லை. ஏன்?

அது ஈயத்தின் எக்ஸ் கதிர், 73 முதல் 85 கே.ஈ.வி. வரை வரும். ஜியான்ட்4 ‘இதைவிடக் குறுகிய தூரம் போகும் துணைத்துகள்களை உருவாக்காதே’ என்ற ஒரு தூர எல்லையை வைத்திருக்கிறது, இயல்பாக 0.7 மி.மீ. ஈயத்தில் போட்டனுக்கு அந்தத் தூரம் ஏறத்தாழ 100 கே.ஈ.வி. ஆகிவிடும். ஆகவே 75 பிறக்கவே பிறக்காது. கொலிமேற்றர் பகுதிக்கு மட்டும் போட்டன் எல்லையைக் குறையுங்கள், அணுவின் ஒளிர்வுத் தெரிவு இயங்குகிறதா என்றும் பாருங்கள். இலத்திரன் எல்லையைக் குறைக்க வேண்டாம்: ஈயச் சுவருக்குள் பிறக்கும் இலத்திரன் அங்கேயே நின்றுவிடும், அதைப் பின்தொடர்வதில் நேரம்தான் போகும்.

டெக்னீசியத்தின் சாளரம் 126 இல் தொடங்குவதால் இந்த மேடு படத்தைப் பாதிக்காது. தலியம்-201 இன் சாளரம் 70 முதல் 80 வரையில் இருப்பதால் அங்கே இதைத் தவறவிட்டால் முழு வேலையும் பிழை.

அயடீன்-131 க்கு அதே மாதிரியைப் பயன்படுத்தலாமா?

மூலத்தை மட்டும் மாற்றினால் போதாது. பிரதான போட்டன் 364 கே.ஈ.வி., கூடவே 637 கே.ஈ.வி. ஏறத்தாழ 7%, 723 கே.ஈ.வி. 2% க்குச் சற்றுக் குறைவு. இந்த இரண்டும் சிறுபான்மை போலத் தெரியும். ஆனால் உயர்சக்திக் கொலிமேற்றரின் சுவரையும் துளைத்து, சக்தியில் ஒரு பகுதியை இழந்து 364 சாளரத்துக்குள் விழும். 364 ஐ மட்டும் வைத்து ஓட்டினால் படம் உண்மையைவிடச் சுத்தமாக வரும். தைரொயிட் சிகிச்சை அளவீட்டுக்கு அந்தச் சுத்தம் ஆபத்து. மூலத்தை முழுக் கருவாக எழுதுங்கள். பளிங்கின் பின்பகுதியையும் இங்கே விடக்கூடாது: 9.5 மி.மீ. பளிங்கைக் கணிசமான போட்டன்கள் தாண்டிப் பின்னால் மோதித் திரும்பி வரும்.

பெட் சிமியுலேஷனில் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

மூலத்தை எப்படி எழுதுகிறீர்கள் என்பது முதலாவது. எதிரெதிராக இரண்டு 511 கே.ஈ.வி. போட்டன்கள் என்று எழுதினால் வேகம், ஆனால் பொசித்திரன் ஓடும் தூரம் விடுபடும். புளோரின்-18 இன் பொசித்திரனுக்கு உச்சச் சக்தி 634 கே.ஈ.வி., நீரில் ஓட்டம் சிறியது, பெரும்பாலான உடற் படங்களுக்கு விடலாம். காலியம்-68 க்கு விடக்கூடாது. இரண்டு போட்டன்களும் சரியாக 180 பாகையில் போவதில்லை, அரை பாகை அளவு பிசகும். 80 செ.மீ. வளையத்தில் அந்தப் பிசகே 1.8 மி.மீ. கலங்கலைத் தரும். உங்கள் மூலத்தில் அது சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

பளிங்கு லுடீசியம் உள்ளதென்றால் அது தானே கதிர்வீசும். இயற்கை லுடீசியத்தில் 2.6% லுடீசியம்-176, 307, 202, 88 கே.ஈ.வி. காமாக்கள். நோயாளி அளவு கதிர்த்தொழிற்பாட்டில் பொருட்டில்லை. மிகக் குறைந்த தொழிற்பாட்டுப் படங்களில் பொருட்டு.

அதிகம் பேர் விழும் குழி ஒன்று: ஒருங்கிணைவுச் சாளரம், அதாவது இரண்டு போட்டன்களை ஒரே சோடி என்று ஏற்கும் நேர எல்லை. இரண்டு பதிவுகளுக்கு இடையே அனுமதிக்கும் உச்ச நேர வித்தியாசம் τ. தற்செயல் ஒருங்கிணைவு வீதம் 2τ ஐ இரு டிடெக்டர்களின் வீதங்களால் பெருக்கியது. கையேட்டில் உள்ள 4.5 நனோ விநாடி τ வா 2τ வா என்று பார்க்காமல் மென்பொருளில் இட்டால் தற்செயல்கள் இரட்டிக்கும் அல்லது பாதியாகும். இரண்டு தனிப் பளிங்குகளும் தெரிந்த வீதமும் கொண்ட சிறு சோதனை ஒன்றை ஓட்டி, சூத்திரத்தோடு ஒப்பிட்டு, உங்கள் மென்பொருள் எந்தப் பொருளில் எடுக்கிறது என்று அறியுங்கள்.

ஒளிப் போட்டன்களையும் ஓட்ட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். சோடியம் அயடைட்டு ஒரு கே.ஈ.வி. க்கு 38 அளவு ஒளிப் போட்டன்களைத் தரும். ஒரு 140 கே.ஈ.வி. நிகழ்வுக்கு ஐயாயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றும் பளிங்கின் சுவர்களில் பல தடவை தெறிக்கும். ஆயிரம் கோடித் தேய்வுக் கணக்கை இதோடு பெருக்கிப் பாருங்கள். பளிங்கின் மேற்பரப்பு மெருகு, ஒட்டுப்பசை, ஆழத்தைக் கண்டறிதல் போன்றவற்றை ஆராய்பவருக்கு மட்டும் இது தேவை. அவர்களுக்கும் ஒரு பளிங்கு, சில ஆயிரம் நிகழ்வுகள் போதும். கிடைத்த விடையைச் சுருக்கி டிஜிட்டைசருக்குக் கொடுக்கலாம்.

போட்டன் எண்ணும் சி.டி. டிடெக்டருக்கும் இதே கருவிகள் சரிவருமா?

பாதி வழி வரும். அந்த டிடெக்டரின் குறைகடத்தியான கட்மியம் டெலுரைட்டில் போட்டன் எங்கே எவ்வளவு சக்தியை விட்டது என்பதை ஜியான்ட்4 சொல்லும். அங்கே பிறந்த மின்னேற்றம் அடுத்த பிக்சலுக்கும் பரவுவதை அது தானாகச் செய்யாது. அதற்கு சேர்னில் உருவான ஆல்பிக்ஸ் ஸ்குவெயர்ட் போன்ற குறைகடத்தி மென்பொருள் வேண்டும். மின்னேற்றப் பகிர்வை விட்டுவிட்டு எடுத்த சக்தி நிறமாலையை வைத்து முடிவு எழுத வேண்டாம்.

மாதிரி சரியென்று எப்படி உறுதிசெய்வது?

அளவீட்டோடு ஒப்பிடாத மாதிரிக்கு எந்த மதிப்பும் இல்லை என்றே சொல்வோம். ஒழுங்கு இது: காற்றில் சக்தி நிறமாலை, மூன்று தூரங்களில் இடப் பிரிதிறன், உணர்திறன், அதன்பின் நீர் ஃபன்டம்.

இடப் பிரிதிறனுக்கு மெல்லிய கண்ணாடிக் குழாயில் டெக்னீசியத்தை நிரப்பி 5, 10, 20 செ.மீ. தூரங்களில் படமெடுங்கள். மேலே சொன்ன கொலிமேற்றருக்கும் 3.8 மி.மீ. உள்ளார்ந்த பிரிதிறனுக்கும் (கொலிமேற்றர் இல்லாமல் பளிங்குக்கும் குழாய்களுக்கும் உரியது) சூத்திரம் தருவது 5.2, 7.0, 11.3 மி.மீ. மூன்றில் ஒரு தூரம் மட்டும் பொருந்தினால் துளை அளவு பிழை. மூன்றும் ஒரே திசையில் விலகி, கிட்டத்தில் விலகல் கூடுதலாக இருந்தால் உள்ளார்ந்த பிரிதிறன் பிழை.

உணர்திறனில் பெரிய வழு மாதிரியில் இருந்து வருவதைவிட ஊசிமருந்துக் குழாயில் இருந்து வரும். நிரப்புமுன்னும் வெறுமையாக்கிய பின்னும் இரண்டு தடவை தொழிற்பாட்டை அளந்து கழியுங்கள். அளவுமானியின் கடிகாரமும் கமெராவின் கடிகாரமும் பத்து நிமிடம் வேறுபட்டால் 6 மணித்தியால அரைவாழ்வில் அதுவே 2% வழு. தொடங்கும் முன் இரண்டையும் ஒரே கைபேசியோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதுங்கள். உணர்திறன் 5% க்குள் பொருந்தினால் நல்ல மாதிரி. 1% க்குள் பொருந்தினால் மகிழும் முன் எதையாவது இரு தடவை திருத்தினீர்களா என்று பாருங்கள்.

பெட் என்றால் பெட் ஸ்கானர்களைச் சோதிக்கும் நேமா என்.யூ. 2 நியமத்தின் ஃபன்டம்களை மாதிரியாக்குங்கள். 20.3 செ.மீ. விட்டமும் 70 செ.மீ. நீளமும் கொண்ட பொலிஎதிலீன் உருளை, 10 முதல் 37 மி.மீ. வரை ஆறு கோளங்கள் கொண்ட படத்தர ஃபன்டம் ஆகியவற்றுக்கு உற்பத்தியாளரின் ஏற்புச் சோதனை முடிவுகள் ஸ்கான் அறையிலேயே இருக்கும்.

கொழும்பில் அளவீட்டுக்கு அனுமதி எப்படி?

கணினியில் ஓட்டுவதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை. உண்மையான கதிர்மூலத்தைத் தொடுவது 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டத்தின் கீழ் வரும். அச்சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குறுத்துகைப் பேரவையே அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. மாணவர் தன் பெயரில் எடுக்க வேண்டியதில்லை: வைத்தியசாலையின் அனுமதிப்பத்திரத்துக்குள், அங்குள்ள பௌதிகவியலாளரின் கண்முன்னே, அவர்கள் கையால் நிரப்பிய மூலத்தை வைத்து அளவிடுங்கள். நோயாளிகள் முடிந்த பின் மாலை நேரத்தைக் கேட்பது முறை. நாட்டில் அணு உலை இல்லாததால் டெக்னீசியம் ஜெனரேற்றர்கள் இறக்குமதியாகின்றன. ஜெனரேற்றருக்குள் தேய்ந்து டெக்னீசியத்தைத் தரும் மொலிப்டினத்தின் அரைவாழ்வு 66 மணித்தியாலம் என்பதால் வார இறுதியை நெருங்கும்போது கையிருப்பு மெலியும். புது ஜெனரேற்றர் வரும் நாளை விசாரித்து அதற்கேற்ப நேரம் எடுங்கள். நோயாளியின் படங்களைப் பயன்படுத்துவதாக இருந்தால் அளவீட்டுக்கு முன்பே ஒழுக்கவியல் குழுவின் அங்கீகாரம் வேண்டும். ஃபன்டம் மட்டும் என்றால் வைத்தியசாலை நிர்வாகத்தின் எழுத்து மூலச் சம்மதத்தைக் கேளுங்கள்.

எத்தனை எண்ணல்கள் போதும்?

ஒப்பிடப் போகும் பகுதியில் 10,000 எண்ணல்கள் இருந்தால் புள்ளியியல் வழு 1%. முழுப் படத்தின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாற வேண்டாம். பத்து இலட்சம் எண்ணல்கள் 128 × 128 பிக்சலில் சீராகப் பரவினால் பிக்சலுக்கு 61 தான், வழு 13%. வலிந்து செலுத்தும் முறையில் நிறையிட்ட எண்ணல்களுக்கு இந்த வர்க்கமூல விதி நேராகப் பொருந்தாது. வெவ்வேறு விதைகளில் பத்து ஓட்டங்களை எடுத்துப் பரவலைக் கணியுங்கள்.

ஆய்வறிக்கையில் என்னென்ன எழுத வேண்டும்?

இன்னொருவர் மாதிரியைத் திரும்பக் கட்டும் அளவுக்கு. மென்பொருளும் பதிப்பும், பௌதிகப் பட்டியல் (எந்தப் பௌதிக மாதிரிகளில் ஓடியது), தூர எல்லைகள், மூலத்தின் வடிவம், தேய்வுகளின் எண்ணிக்கை, டிஜிட்டைசரின் ஒவ்வொரு படியும் அதன் ஒழுங்கும், வழுவைக் கணித்த முறை. அமெரிக்க மருத்துவப் பௌதிகவியலாளர் சங்கத்தின் 268 ஆம் பணிக்குழு 2018 இல் இதற்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. பரீட்சகர் கேட்கும் முன் அதை நிரப்பிப் பின்னிணைப்பில் வைத்துவிடுங்கள்.

டிஸ்க் நிரம்பிவிடுகிறது. எதை அழிக்கலாம்?

ஒவ்வொரு மோதலையும் எழுதும் கோப்பே மிகப் பெரியது. மாதிரி பொருந்திய பின் அதை எழுதுவதை நிறுத்தி, சாளரத்துக்குள் வந்த நிகழ்வுகளை மட்டும் எழுதுங்கள். சக்திச் சாளரத்தை மட்டும் அகலமாக விடுங்கள், பிறகு வேறு சாளரம் வேண்டுமென்றால் திரும்ப ஓட்டத் தேவையிராது. கட்டளைக் கோப்பு, பொருள் தரவுக் கோப்பு, விதை எண்கள் மூன்றையும் வேறொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். அவை சில கிலோபைட்தான். அவை இருந்தால் மீதியை எப்போதும் திரும்பப் பெறலாம்.